கோப்பியின் சூடு யாருடையது?

கேள்வி: பனி இறங்கும் விடியலில் ஒரு கோப்பி குடித்தால் உடம்பு சூடேறுகிறது. கஃபீன் நீக்கிய கோப்பி குடித்தாலும் ஏறுமா?
(ஹுன்னஸ்கிரிய)

பதில்: கேத்தல் கொடுத்த அளவுக்கு ஏறும். 60 பாகைச் சூட்டில் 200 மில்லிலீற்றர் குடித்தால், 60 கிலோ ஆளுக்கு 0.1 பாகைகூட முழுதாக ஏறாது. மீமுரைக்குத் திரும்பும் சந்தியில் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்கிறீர்களே, அந்தச் சுகம்தான் பெரிது. கஃபீனின் வேலை தனி. 100 மில்லிகிராம் உள்ளே போனால், சும்மா இருக்கும் உடம்பு எரிக்கும் சக்தி 3, 4 வீதம் கூடும். நீக்கிய கோப்பியில் அந்த அடுப்பு எரியாது.

கேள்வி: நீக்கியதில் கஃபீன் அறவே இல்லையா?
(தெல்தெனிய)

பதில்: கல் பொறுக்கிய அரிசிதான், ஒன்றிரண்டு பல்லில் படும். சாதாரணக் கோப்பையில் 95 மில்லிகிராம் அளவில் இருந்தால் இதில் 2 முதல் 15 வரை. கோப்பியிலிருந்து கஃபீனை எடுத்து வியாபாரமாக்கியவர் ஜேர்மனியின் ரொசேலியஸ், 1906இல். நம் மலையிலிருந்து கோப்பியையே எடுத்தது 1869இல் வந்த இலைத்துரு நோய்.

கேள்வி: கோப்பி சூடு, கொத்தமல்லி குளிர்ச்சி என்கிறார் அம்மாயி.
(ரங்கல)

பதில்: அம்மாயியின் சூடு நீர்க்கடுப்பிலும் வாய்ப்புண்ணிலும் தெரியும். வெப்பமானிக்கு அது தெரியாது. கொத்தமல்லியில் கஃபீன் பிறவியிலேயே இல்லை, நீக்குகூலி மிச்சம்.

கேள்வி: வெயிலில் கொழுந்து பறிக்கும்போது சுடச்சுடச் சாயம் குடித்தால் குளிர்கிறதே, எப்படி?
(ஹுன்னஸ்கிரிய)

பதில்: வியர்வை. ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சைக்கிள் மிதித்தவர்களுக்கு 50 பாகைச் சுடுநீர் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு, உடம்பில் சூடு குறைவாகத் தங்கியது என்பது. கவனியுங்கள், கொடுத்தது வெறும் தண்ணீர், தேயிலைக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் வியர்வை முழுக்கக் காய வேண்டும். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மூடுபனிக்குள் நின்றால் எங்கே காய்வது?

கேள்வி: மகன் தேத்தண்ணி குடித்த கையோடு வெப்பமானியை வாயில் வைத்து 39 காட்டுகிறான். பாடசாலைக்கு அனுப்பலாமா?
(உடுதும்பர)

பதில்: அது வாய்க்கு வந்த காய்ச்சல்! அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கொடுக்காமல் திரும்ப வையுங்கள். அப்போதும் 38ஐத் தாண்டினால் பையன் யோக்கியன், வைத்தியரிடம் காட்டுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அஸ்பிரின், இபுப்ரோஃபென் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.