முருகனுக்குப் பதிவு கிடையாது

வள்ளியைக் கட்டிக்கொள்ள முருகன் போட்ட வேஷங்கள் கொஞ்சநஞ்சமல்ல. வேடன், வேங்கை மரம், தள்ளாத கிழவன். போதாக்குறைக்கு அண்ணனை வேறு யானையாக வரவழைத்து அந்தப் பெண்ணைப் பயமுறுத்தினான். இத்தனை தகிடுதத்தத்தையும் சங்கரதாஸ் சுவாமிகள் ‘வள்ளி திருமணம்’ என்று நாடகமாக எழுதிவைக்க, தென்னாட்டு நடிகர்கள் அதை மனப்பாடம் செய்து ஊர் ஊராக ஆடினார்கள். ராயல்டியா? மூச்.

ஸ்பெஷல் நாடகம் பிழைத்ததே இந்தப் பொதுச் சொத்தால்தான். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து இறங்கி, அரிதாரம் பூசிக்கொண்டு, விடிய விடிய மேடையிலேயே தர்க்கம் செய்வார்கள். பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான். யார் யாரை மடக்குகிறார் என்று பார்க்கத்தான் கூட்டம்.

செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா இந்த மேடையின் முடிசூடா மன்னர். ஊர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சென்னை மாநிலத்துக்கு வந்தது. (நுழைவு வளைவில் பழைய அரிதாரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) கொழும்பு மேடையில் கே.பி. சுந்தராம்பாள் வள்ளியாக, இவர் முருகனாக. 1927-ல் நிஜமாகவே கல்யாணம். கிட்டப்பாவுக்கு வீட்டில் ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. அதிலும் முருகன் வழிதான்.

நாடகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். சில்லு வடிவமைப்பில் கதையே வேறு. அதற்கு அமெரிக்கா போக வேண்டும். சிலிக்கான் சில்லில் மின்சுற்றை ஒளியால் பதிக்க உதவும் கண்ணாடித் தகட்டுக்கு மாஸ்க் என்று பேர். கோடிகளைக் கொட்டி ஒருவர் வரைந்ததை, இன்னொருவர் சில்லின் மூடியைப் பெயர்த்துப் படமெடுத்து அப்படியே அடித்துவிடுகிறார் என்று கம்பெனிகள் அழுதன. 1984 நவம்பர் 8-ல் இதைத் தடுக்கும் சட்டத்தில் அதிபர் ரீகன் கையெழுத்துப் போட்டார். 10 ஆண்டு பாதுகாப்பு. பதிவு செய்யும் இடம்? கதை, கவிதை, நாடகம் பதிகிற அதே பதிப்புரிமை அலுவலகம்!

2000-ல் நம் நாடாளுமன்றமும் சில்லு வடிவமைப்புக்கு ஒரு சட்டம் போட்டது. அதே 10 ஆண்டு. காப்பியடித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ. 50,000 முதல் 10 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாடகத்துக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால், மதுரை தொட்டு நெல்லை வரை ராஜபார்ட்டுகள் எல்லாரும் உள்ளே போயிருப்பார்கள். ஜெயிலில் தினமும் வள்ளி திருமணம் நடந்திருக்கும்.

இந்தச் சட்டத்தில் பதிவு கேட்டு முருகனே மனுப்போட்டாலும் பலனில்லை. வடிவமைப்பு சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் சந்தையில் புழங்கியிருக்கக் கூடாது. கந்தபுராணக் காலத்துக் கிழவன் வேஷம் முதல் மேஜையிலேயே திரும்பிவிடும்.

தென்மாவட்டத் திருவிழா நோட்டீஸில் வள்ளி திருமணம் என்று இன்றைக்கும் போடுகிறார்கள். கண்ணில் பட்டால் போய் உட்காருங்கள். 100 ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால் மைக்கில் உங்கள் பெயரையும் வாசிப்பார்கள். சுவாமிகளுக்குச் சேர வேண்டிய ராயல்டி பாக்கி என்று நினைத்துக் கொடுங்கள்.