ஏற்றமும் இறக்கமும்

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு வான்வழியே சுமார் 600 கிலோமீட்டர். மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். கொழும்பு இன்னும் கிட்டம். 350 கிலோமீட்டர் இருக்கும். லண்டனுக்கும் பாரீஸுக்கும் நடுவே உள்ள தூரம். ஆக, பாரீஸ் போய்வந்த கதையை லண்டன்காரர் ஒருவர் அளந்தால், கொழும்பு போய்வந்த கதையை நாமும் தாராளமாக அளக்கலாம்.

சென்னைக்கும் மாலேவுக்கும் தூரம் ஒன்றானால் நேரமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருக்காது. மாலேயின் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் மட்டும் பார்த்துக் கழித்தால், சென்னைக்காரருக்குக் கிடைக்காத அரை மணி நேரம் மாலேக்காரருக்கு இனாம்.

இந்த இனாம் பெரிய அளவில் கிடைத்தது நாகர்கோவில் அத்தைக்கு. குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம்தான். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. விமான நிலையம் திருவனந்தபுரத்திலேயே நின்றுவிட்டது. துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போனாள் அத்தை. பறக்கிற நேரம் நாலு மணிக்குக் கொஞ்சம் மேல். துபாய் நேரமோ நமக்கு ஒன்றரை மணி பின்னால். போனபோது கைக்கடிகாரத்தை அங்கே திருத்தினாள், வந்தபோது இங்கே திருத்தினாள். நடுவே கணக்கைத் திருத்தவில்லை.

“போவதுக்கு ரெண்டே முக்கால், வாறதுக்கு அஞ்சே முக்கால். போற வழி இறக்கம், வாற வழி ஏத்தம். வேற என்ன?”

கடிகாரக் கதையை விளக்கினேன். மேலே மேற்குக் காற்று வலுத்திருக்கும் குளிர்காலத்தில், திரும்பி வரும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளிவிடும், அப்போது வருகிற பயணம்தான் சுருக்கம் என்றேன். என் பேச்சும் அந்தக் காற்றோடு போயிற்று.

திருவனந்தபுரத்தில் நேரம், தூரம் இரண்டுக்கும் கட்டுப்படாத பயணி ஒருவர் உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு எனும் புனித நீராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். விமானத்தளம் வந்தது 1932-இல். அவர் வழி அதைவிட எவ்வளவோ பழையது. எனவே ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்துதான் போகும். விமானிகளுக்கு முன்னதாகவே அறிவிப்புப் போய்விடும்: மாலையில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. சுவாமி வருவது கருட வாகனத்தில். பறக்கத் தெரிந்த வாகனம் மனிதர் தோளில் நகர, பறக்கச் செய்த வாகனங்களெல்லாம் இறக்கையை விரித்தபடி நின்று பார்க்கின்றன.

கோயிலிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். அதற்கு ஐந்து மணி நேரம்! இங்கிருந்து கிளம்பிய விமானம் அதற்குள் துபாயில் இறங்கி, பெட்டியும் கைக்கு வந்திருக்கும். இதை அத்தையிடம் சொன்னேன்.

அத்தை அசரவில்லை. “அவருக்குப் போவதுக்கும் வாறதுக்கும் ஒரே நேரம்தானே ஆகுது? அப்போ அந்த ரோடு சமதளம்லா.”