கெளுத்தி பெர்லினில் நலம்

கும்மிடிப்பூண்டியில் ரோட்டோரம் மீன் விற்கிற அம்மாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை நாட்டுக் கெளுத்தி கேட்டேன். அரிவாள்மனையிலிருந்து அவர் தலை நிமிரவே இல்லை.

“நாட்டுக் கெளுத்தியாண்ணா? அது ஏரியில இருந்த காலத்துல வந்து கேட்டிருக்கணும். இப்போ தண்ணியே டீ கலர்ல கீது. பண்ணைக் கெளுத்தி கீது, ஒரு கிலோ போடட்டா?”

அன்னக்கூடையில் முழங்கை நீளத்துக்குக் கறுப்பாக நெளிந்தது ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாதென்று மத்திய அரசு பல வருஷங்களுக்கு முன்பே தடை போட்ட மீன். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் ஒருமுறை அடித்துச் சொன்னது. தடை இருக்கிறது. தீர்ப்பு இருக்கிறது. மீனும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரு தகராறும் இல்லை.

“இது தடை பண்ண மீனாச்சேம்மா?”

“வாங்குறவங்க தடை பண்ணலியே.”

சட்டம் படித்தவர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

நாட்டுக் கெளுத்தியை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம். அது நலமாக இருக்கிறது. பெர்லினில்.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலம். 1771இல் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் அங்கே வந்து இறங்கினார். ஆன்மாக்களைப் பிடிக்க வந்தவர், கிடைத்த நேரத்தில் மீனும் பிடித்தார். சரியாகச் சொன்னால், பிடிக்கச் சொன்னார். சாராயத்தில் ஊறிய மீன்கள் கப்பலேறி பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் ப்ளாக் என்ற டாக்டரின் வீட்டுக்குப் போயின. ப்ளாக் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஜாடியைத் திறந்தார், எண்ணினார், வரைந்தார், பெயர் வைத்தார். 1794இல் நம் கெளுத்தி ‘விட்டாட்டஸ்’ ஆனது. அதே வருஷம் தேளி ‘ஃபாசிலிஸ்’ ஆனது. ப்ளாக் இறந்த பிறகு, 1801இல் ஷ்னைடர் முடித்து வெளியிட்ட புத்தகத்தில் வாளைக்கும் பெயர் கிடைத்தது: ‘அட்டு’. இது லத்தீன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ‘ஆற்று வாளை’யில் உள்ள ஆறுதான் அது. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் இன்றைக்கும் அந்த மீனை ‘வல்லகோ அட்டு’ என்றே எழுதுகிறார்கள். நம் ஆறு தடையில்லாமல் ஓடுவது அந்தப் பெயரில் மட்டும்தான்.

பாதிரியாருக்கும் மரியாதை உண்டு. ‘ஜானி’ என்று ஒரு கடல் மீன் அவர் பெயரில் இருக்கிறது. சேற்றில் இறங்கி, கெளுத்தி முள்ளில் கை கிழிந்து, கூடையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தவர் பெயரில் ஒரு செதில்கூட இல்லை.

இருக்கட்டும். பழைய கோபம். புதிய கோபத்துக்கு வருவோம்.

ப்ளாக்கின் ஜாடிகளை பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது. 1945இல் குண்டு விழுந்து அதன் கிழக்குப் பகுதி நொறுங்கியது. தோற்ற நாடு, இரண்டாகப் பிளந்த நாடு, மறுபடி ஒட்டிய நாடு. அத்தனைக்கும் பிறகு அதைத் திரும்பக் கட்டி 2010இல் திறந்தார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் 2,76,000 ஜாடிகள், சுமார் 10 லட்சம் உயிர்கள். எல்லாம் செத்த உயிர்கள்தான். செத்த மீனுக்கு அங்கே கிடைக்கிற தண்ணீர், உயிரோடு இருக்கிற மீனுக்கு இங்கே கிடைப்பதில்லை.

நாமும் சேகரித்தோம். இல்லை என்று சொல்லவில்லை. 1916இல் கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகம் பிறந்தது. 1942இல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து, சேகரிப்பைக் காசிக்குக் கொண்டுபோனார்கள். காசிக்குக் குண்டு வரவில்லை. 1943இல் வருணா நதி வந்தது. வெள்ளம் புகுந்து ஏராளமான மாதிரிகள் நாசமாயின. உலக வரலாற்றில் மீன்கள் தண்ணீரில் மூழ்கிப் பாழான இடம் இதுவாகத்தான் இருக்கும். 2016 ஏப்ரல் 26ஆம் தேதி தில்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தீப்பிடித்துச் சாம்பலானது. நீரிடம் ஒன்று, நெருப்பிடம் ஒன்று. பஞ்சபூதத்தில் இன்னும் மூன்று பாக்கி.

நடுவில் பிரான்சிஸ் டே. மதராஸ் ராணுவத்தில் டாக்டர். இந்திய மீன்களைப் பற்றி 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட புத்தகம் இல்லாமல் இன்றும் இங்கே யாரும் மீன் படிக்க முடியாது. அவருக்கும் லண்டன் அருங்காட்சியகத்தின் குந்தருக்கும் ஆகாது. விளைவு, டேயின் சேகரிப்பில் ஒரு பெரும் பங்கு சிட்னிக்கு விற்பனை ஆனது. சண்டை இரண்டு வெள்ளைக்காரர்களுக்குள். நாடு கடத்தப்பட்டது நம் மீன்.

ஆகவே ஒரு தமிழன் தன் ஊர்க் கெளுத்தி எந்தக் கெளுத்தி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேலை அப்படித்தான் நடக்கிறது. எல்லாக் கெளுத்திக்கும் மீசை உண்டு; மீசையை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. முதுகின் பின்பக்கம் உள்ள கொழுப்புத் துடுப்பு எவ்வளவு நீளம், மண்டையோட்டுப் பள்ளம் எதுவரை போகிறது, எக்ஸ்ரேயில் முதுகெலும்பு எத்தனை கணு. இதையெல்லாம் முதல் ஜாடியில் இருக்கிற மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் அது புது இனம். இலங்கையில் இப்படித்தான் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். இந்தியக் கெளுத்திகளின் பெயரில் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தவை தனி இனங்கள் என்று தெரிந்தது. 2008இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. 2008இல் வந்ததற்குச் சிங்களத்தில் மக்கள் வழங்கும் ‘அங்குட்டா’ என்ற பெயரையே வைத்தார்கள்.

2012இல் ஓர் ஆய்வு வந்தது. ஓர் உயிரைப் பிடித்து ஜாடியில் போட்ட நாளிலிருந்து அது புது இனம் என்று அறிவிக்கும் நாள்வரை சராசரியாக 21 வருஷம் ஆகிறதாம். பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த 21 வருஷத்தில் மீன் ஜாடியில் அப்படியே இருக்கும். ஏரி இருக்குமா? கும்மிடிப்பூண்டி இருக்கிற திருவள்ளூர் மாவட்டமே பிறந்து முப்பது வருஷம்தான் ஆகப்போகிறது. 1997இல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்தபோது ‘ஏரி மாவட்டம்’ என்ற பட்டத்தையும் பங்கு பிரித்துக் கொண்டுவந்தது. பட்டம் பத்திரமாக இருக்கிறது. ஏரிகளில் பல சர்வே எண்ணாக மட்டும் இருக்கின்றன.

ஜாடியை வைத்து உழைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாவம், பலருக்கு நல்ல மைக்ராஸ்கோப்புகூடக் கிடையாது. பட்டியல் போட்டுவிட்டுக் கைதட்டுகிறவர்கள் மேல்தான் கோபம்.

2024 ஜூன் 30ஆம் தேதி நாட்டின் விலங்கினப் பட்டியலை வெளியிட்டார்கள். மொத்தம் 1,04,561 இனங்கள். இப்படி முழுப் பட்டியல் போட்ட முதல் நாடு நாம்தானாம். மகிழ்ச்சி. ஊருக்கு ஊர் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ வேறு இருக்கிறது. சட்டம் வந்தது 2002இல். பதிவேடு ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2020 ஜனவரிக்குள் முடிக்காவிட்டால் மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. உடனே இந்திய இயற்கைக்கு வேகம் பிறந்தது. இன்று நாடு முழுக்க இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள். பூச்சிகள் வரிசையில் நின்று பெயர் கொடுத்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு பதிவேட்டை நான் புரட்டிப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். மீன்கள் என்ற தலைப்பின் கீழே, அழகான கையெழுத்தில்: “கெளுத்தி – பரவலாகக் காணப்படுகிறது.” எங்கே காணப்படுகிறது என்று கேட்டேன். “பக்கத்து ஊர் பதிவேட்டுல அப்படித்தான் சார் இருந்துச்சு” என்றார் பொறுப்பாளர். நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்தார்.

இதே கெளுத்திக்கு இன்னொரு அலுவலகத்தில் வேறு பெயர். ஏரியை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்தவர் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சு விடுவார். விடுவதற்கு முன் குளத்தைத் தயார் செய்ய வேண்டும். பாடப்புத்தகமே சொல்கிறது: களை மீன்களையும் கொன்றுண்ணி மீன்களையும் ஒழிக்க ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. களை மீன் யார்? கொன்றுண்ணி யார்? கெளுத்தி, விரால், வாளை. நம் தாத்தாக்கள் குழம்பு வைத்துத் தின்ற பட்டியல். ஆக, ஒரு துறையின் ஏட்டில் அது பல்லுயிர்ச் செல்வம். இன்னொரு துறையின் ஏட்டில் களை. இரண்டு ஏட்டுக்கும் அட்டை போடுவது நம் வரிப்பணம்.

மூன்றாவது ஏடு ஒன்று உண்டு. அதுதான் கனமானது. தொழிற்சாலை வருவதற்கு முன் போடும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம், தமிழில் ஒரு சுருக்கம். நம் ஏரியை நமக்குச் சுருக்கித் தருவதில் ஒரு நேர்மை இருக்கிறது. சுற்றியுள்ள 10 கிலோமீட்டரில் என்னென்ன உயிர் உண்டு என்று அதில் ஒரு அத்தியாயம் வரும். மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து எடுத்த பகுதிகள் அப்படியே கிடந்தது அம்பலமானது. ரஷ்யா வரைக்கும் போய்க் காப்பியடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஏரிக்கரை வரைக்கும் நடக்கத் தெரியவில்லை.

நான் நடந்தேன். சிப்காட் பக்கம் ஒரு ஏரி. பெயர் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். மதகுக்குக் கீழே நுரை, முட்டியளவு. சோப்பு விளம்பரத்துக்கு வேண்டுமானால் இலவசமாகப் படம் பிடிக்கலாம். ஒரு பையன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். சுண்டி இழுத்தான். வந்தது மீன்தொட்டியில் கண்ணாடி நக்குமே, அந்த டேங்க் கிளீனர். தென் அமெரிக்க ஆள். முதலைத்தோல். யாரோ தொட்டியைக் கழுவி ஏரியில் கொட்டிய புண்ணியம். பையன் அதைக் கரையில் வீசிவிட்டு மறுபடி புழு மாட்டினான்.

“வேற மீன் இல்லையாடா?”

“தேளி கீதாம் சார். எங்க தாத்தா சொல்லும்.”

இருக்கலாம். தேளி மற்ற மீன் மாதிரி இல்லை. தண்ணீரில் மூச்சு கிடைக்காவிட்டால் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் கைவிட்டால் காற்று. இயற்கை கொடுத்த மாற்று ஏற்பாடு. அன்றைக்கு அங்கே வீசிய காற்றை நானும் குடித்தேன். தேளிக்கு இயற்கை மூன்றாவதாக ஏதாவது ஏற்பாடு செய்துகொடுத்தால் நல்லது.

இதே மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துப் பக்கத்தில் அரசு ஒரு அகழ்வைப்பகம் வைத்திருக்கிறது. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல்லாயுதங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டெடுக்கத் தொடங்கிய இடம். அங்கே 15 லட்சம் வருஷத்துக்கு முன்பே மனிதன் இருந்தான் என்று 2011இல் நிறுவினார்கள். 15 லட்சம் வருஷம் கொசஸ்தலை ஆற்றோரம் ஆள் இருந்தும் ஆற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் கல்தானே இருந்தது. பிறகு நாம் முன்னேறினோம். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் கிளம்பி, அதே ஆறு கடல் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. அதை எதைக் கொண்டு அள்ளினார்கள் தெரியுமா? வாளி. பிளாஸ்டிக் மக்கு. மீனவர்களின் கை. ஆயுத வரலாற்றில் நாம் கற்காலத்தைத் தாண்டிவிட்டோம் என்று யார் சொன்னது?

வகைப்பாட்டியலில் ஒரு விதி உண்டு. மூல மாதிரி தொலைந்துபோனால், பெயர் யாருக்குச் சொந்தம் என்று குழப்பம் வந்தால், முதலில் பிடித்த இடத்துக்குக் கூடிய மட்டும் பக்கத்திலேயே போய் இன்னொன்றைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். வெள்ளத்தில் போனதற்கும் நெருப்பில் போனதற்கும் அதுதான் பரிகாரம். விதி எழுதியவர்கள் நல்லவர்கள். ஜாடி உடையலாம் என்று யோசித்தார்கள். ஊரே உடையும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கேரளத்தில் நிலத்தடி நீரில் வாழும் கண்ணில்லாத கெளுத்தி ஒன்றை, வாளியில் வந்ததை ஊர்க்காரர்கள் எடுத்துக்கொடுக்க, 2023இல் அடையாளம் கண்டு ‘பாபுலி’, மக்களுடையது, என்றே பெயர் வைத்தார்கள். இங்கே போர்வெல் தண்ணீரை ஊர்க்காரர்கள் பாட்டிலில் பிடித்து ஆட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப்போகிறார்கள். மஞ்சளாக இருக்கும். அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் மீன்காரம்மாவைத் தாண்டித்தான் வந்தேன்.

“கெளுத்தி கேட்டியே, கிடைச்சுதாண்ணா?”

“கிடைச்சுதும்மா. பெர்லின்ல இருக்கு.”

செதில் தேய்த்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

“அங்க கிலோ இன்னா விலையாம்?”