ஒன்பதாம் மெய்ப்பாடு

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே தனியாக வகுத்து, நகையில் தொடங்கி உவகையில் முடியும் எட்டு மெய்ப்பாடுகளையும் எண்ணிக் காட்டி, ஒவ்வொன்றும் எந்தெந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்பதையும் பாகுபடுத்தியிருக்க, இளம்பூரணரும் பேராசிரியரும் அவற்றுக்கு உரை கண்டு ஐயம் அகற்றியிருக்க, அத்தனை பெரியவர்களின் பார்வைக்கும் தப்பிய மெய்ப்பாடு ஒன்று உண்டு என்று இந்தக் காலத்து ஆசாமி ஒருவன் பிரஸ்தாபிப்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். தோன்றினாலும் பாதகமில்லை. முன்பின் கேட்டிராத பாட்டு ஒன்று ஓய்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் நம் பக்கம் திரும்பி, "எப்படி?" என்று கேட்கிறார் அல்லவா? அந்தக் கேள்விக்கும் நாம் வாய் திறப்பதற்கும் நடுவே நம் முகத்தில் தோன்றி மறையும் பாவத்தைத்தான் குறிப்பிடுகிறேன். அது மருட்கை அன்று. வியந்தவன் வாயைத் திறப்பான், இவனோ இறுக மூடிக்கொள்கிறான். இளிவரலும் அன்று, இகழ்வதற்காவது பாட்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். பெருமிதத்தின் சாயல் சற்று உண்டு, அச்சத்தின் சாயல் அதைவிடச் சற்று அதிகமாகவே உண்டு. புரியாததை மறைத்து, புரிந்ததாக வாக்குமூலமும் கொடுக்காமல் நிற்கும் இந்த நிலையை, நல்ல பெயர் ஒன்று கிடைக்கும்வரை, ஒன்பதாம் மெய்ப்பாடு என்றே வழங்குவோம்.

இதன் லக்ஷணங்களைச் சொல்கிறேன். கண் முக்காலும் மூடியிருக்கும். புருவங்களுள் ஒன்று மட்டும் உயரும். கீழுதடு சற்றே பிதுங்கும். தலை, ஆமென்றோ அல்லவென்றோ எந்த நியாயஸ்தலத்திலும் நிரூபிக்க முடியாதபடி, இடமும் வலமுமாக மெல்லச் சாய்ந்து மீளும். முடிவில் தொண்டையின் ஆழத்திலிருந்து ஒரு "ஹும்" புறப்படும். அதைக் கேட்டவர் தமக்கு வேண்டிய பொருளைத் தாமே அதில் ஏற்றிக்கொள்ளலாம். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இவ்விஷயத்தில் இருக்கும் சௌகரியம் பிறருக்கு இல்லை. வாயில் தாம்பூலம் இருக்கும்வரை நாகரிகம் அறிந்த எவரும் அவர்களிடம் வியாக்கியானம் கேட்கமாட்டார்கள்.

இந்த மெய்ப்பாட்டைச் சபைக் கச்சேரியில் ஆராயப் புகுவது வீண். அங்கே எந்தக் கிருதி எந்த ராகம் என்று சொல்லும் கைப்புத்தகம் மடியில் இருக்கிறது. அது இல்லாதவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் மடி இருக்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒருசேர அந்நியமான, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத பாட்டுகளின் தொகுதி ஒன்று தேவைப்பட்டது. அப்படிப்பட்டதை அமெரிக்க விஞ்ஞானி கார்ல் சேகனின் தலைமையில் ஒரு குழு ஏற்கெனவே தயாரித்து வைத்திருப்பது என் நல்லகாலம். 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதியும் செப்டம்பர் 5-ஆம் தேதியுமாக ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும், பொன்முலாம் பூசிய 12 அங்குலச் செப்புத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. வேற்றுலகவாசிகள் எவரேனும் எடுத்துக் கேட்டால் இந்தப் பூமியைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று, பல தேசத்துப் பாட்டும் வாத்தியமுமாக 27 உருப்படிகளை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு அதில் பதிந்திருக்கிறார்கள். (55 மொழிகளில் வாழ்த்தும் சொல்லியிருக்கிறார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. இந்த மனத்தாங்கலை வேறொரு கட்டுரைக்கு ஒத்திவைக்கிறேன்.) அறியாத செவிகளுக்கென்றே திட்டமிட்டுத் தொகுத்த பாட்டுகள் என்றால் உலகில் இவைதாம்; நக்ஷத்திரங்களுக்குப் போய்ச் சேருமுன் கும்பகோணத்துத் திண்ணையில் ஒருமுறை பரீக்ஷித்துவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

பேத்தி தன் கைப்பேசியிலிருந்து பாட்டுகளை ஒவ்வொன்றாக ஒலிபெருக்கிக்கு அனுப்பினாள். கேட்டவர்கள்: ராகம் கண்டுபிடிப்பதில் ஊரறிந்த நிபுணரான, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற சிரஸ்தார் ஒருவர், கோயில் சேவகத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்ட தவில் வித்வான் ஒருவர், அடுக்களையில் இருந்தபடி கேட்ட என் சகதர்மிணி, கீரைக்கூடையோடு மழைக்கு ஒதுங்கிய கிழவி ஒருத்தி. அபிப்பிராயம் சொல்லி முடிக்குமுன் பாட்டின் ஊரையும் பேரையும் யாருக்கும் சொல்வதில்லை என்பது நிபந்தனை.

ஜாவா அரண்மனையின் கமலான் வாத்தியங்கள், வெண்கலமும் வெண்கலமுமாகக் குழைந்து எழுந்து அரை நிமிஷம் ஆகவில்லை. சிரஸ்தார், "மோகனம்" என்றார். இன்னும் சற்றுக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்து, "காந்தாரம் கொஞ்சம் பிசகு" என்றார். ஸ்வரங்கள் ஐந்து என்ற மட்டில் அவர் சொன்னது நியாயமே. ஆனால் ஜாவாக்காரர்களின் ஸ்லெண்ட்ரோ முறையிலே அந்த ஐந்தும் ஸ்தாயியை ஏறக்குறையச் சமபாகமாகப் பங்கிட்டுக்கொள்கிறவை ஆதலால், மோகனத்தின் காந்தாரத்துக்கு அங்கே ஆஜராக வேண்டிய கடமை ஏதுமில்லை. சிரஸ்தாரோ அந்தப் பிசகை ஜாவாவின் பற்றில் எழுதினாரே ஒழியத் தம் பற்றில் எழுதிக்கொள்ளவில்லை. சீன தேசத்துச் சின் வாத்தியத்தில் க்வான் பிங்ஹூ என்பவர் ஓடும் நீரைப் பற்றி ஏழு நிமிஷத்துக்கு மேல் வாசித்ததற்கும் மோகனமே தீர்ப்பாயிற்று. இந்தத் தடவை "சுத்தமான" என்ற அடைமொழி சேர்ந்தது. கேசர்பாய் கேர்கரின் குரல் வந்ததுந்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிந்துபைரவி, ஓய்! இதில் சந்தேகமே வேண்டாம்." அது ஹிந்துஸ்தானி பைரவி, நம்மவர் காதுக்குச் சிந்துபைரவியாகப் படுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த ஒரு சமயத்தில் மட்டும் அவர் முகத்தில் ஒன்பதாம் மெய்ப்பாடு எட்டிப்பார்க்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். அம்மையார் 1977 செப்டம்பர் 16-இல், தம் குரலை ஏற்றிக்கொண்ட இரண்டாவது கலமும் புறப்பட்டுப் பதினொரு நாள் ஆனபின், காலமானார் என்று நான் சொன்னதும், "அதுதான் அந்த நிஷாதத்தில் ஒரு சோகம்" என்றார் சிரஸ்தார். பதிவானது அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பு என்பதை நான் சொல்லவில்லை.

இங்கே முதல் விதி புலனாகிறது. கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தால், எந்த ஊர், யார் பிள்ளை என்று விசாரித்து, எப்படியாவது ஓர் ஒன்றுவிட்ட உறவைக் கண்டுபிடிக்கும்வரை நமக்குப் பாயசம் இறங்குவதில்லை. பாட்டு விஷயத்திலும் அவ்வளவுதான். உறவு கிடைத்துவிட்டால் அபிப்பிராயம் தானே பிறக்கும். கிடைக்காதபோதுதான் புருவம் உயர்கிறது.

தவில் வித்வான் சமாசாரம் வேறு. பல்கேரியாவின் மலைநாட்டுப் பெண் வால்யா பால்கன்ஸ்கா, கலகக்காரன் ஒருவனைப் பற்றிப் பாடும் பாட்டு வந்தபோது அவர் பாட்டைக் காதில் வாங்கவே இல்லை. "ஒத்து புடிக்கிறவன் மூச்சே விடாம புடிக்கிறானே, யாருங்க அவன்?" என்று கேட்டார். துருத்தியில் காற்றை அடைத்து ஊதுகிற கைடா வாத்தியம் அது. ஒரு குழல் ஸ்ருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எவ்வளவோ ஆராய்ச்சியாளர்கள் மெனக்கெட்டு எழுதியிருக்கக்கூடிய ஒற்றுமையை அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி கண்டுகொண்டார். அப்புறம் ஸ்த்ராவின்ஸ்கியின் "வசந்தச் சடங்கு", அதிலும் கடைசிப் பகுதியான பலி நடனம், ஆரம்பமாயிற்று. வித்வானின் வலக்கை விரல்கள் துடையில் எண்ணத் தொடங்கின. இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு, ஐந்து என்று அளவு கட்டுக்குக் கட்டு மாறிக்கொண்டே போக, விரல்கள் நின்றன, தொடர்ந்தன, மீண்டும் நின்றன. சிரஸ்தார், "கண்றாவி" என்றார். வித்வான் பாட்டு முடிந்தபிறகும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாளத்தைத் தொலைக்கலைங்க, ஒளிச்சு வச்சிருக்கான்" என்றார். 1913-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி பாரிஸ் நகரத்து அரங்கில் இதே நாட்டியம் முதன்முதலாக ஆடப்பட்டபோது கூச்சலும் கேலியுமாகச் சபை அல்லோலகல்லோலப்பட்டது சரித்திரப் பிரசித்தம். அறுபத்து நான்கு வருஷம் கழித்து அதையே மனித குலத்தின் பெருமைக்குச் சாட்சியாக விண்ணுக்கு அனுப்பினார்கள். ஆகவே சிரஸ்தாரும் பாரிஸ் மகாஜனங்களின் கட்சியில் கௌரவமாகவே இருக்கிறார்.

மோட்ஸார்ட்டின் இசைநாடகத்தில் இரவு ராணி பாடும் பாட்டு உச்சிக்குப் போனபோது, அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக வெளியே ஓடிவந்த என் சகதர்மிணி, "ஐயையோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். திண்ணை சிரித்தது. நாடகத்தில் அந்த இடம், ராணி தன் மகள் கையில் கத்தியைக் கொடுத்து ஒருவனைக் குத்திக் கொன்றுவிட்டு வா என்று ஏவுகிற கட்டம் என்பதைப் பேத்தி படித்துச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது.

இதற்கு நேர்மாறான சான்றையும் மறைப்பது ஆராய்ச்சி தர்மம் ஆகாது. பெரு நாட்டுச் சிறுமி ஒருத்தி பாடிய, ஒரு நிமிஷம்கூட நீடிக்காத சின்னப் பாட்டைக் கேட்டு அனைவரும் ஏகமனதாக, "தாலாட்டு, கேட்கச் சுகமாக இருக்கிறது" என்றார்கள். விவரம் தெரியாத வயதில் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்களே என்று ஒரு பெண் முறையிடும் பாட்டு அது. பொருள் சொன்ன மறுகணமே, "அதானே, கேட்கும்போதே நெஞ்சைப் பிசைந்தது" என்றார் சிரஸ்தார். வாய்மொழி அபிப்பிராயங்களுக்கு முன்தேதியிட்டுக்கொள்ளும் உரிமை உண்டு என்பது இரண்டாவது விதி. சக் பெர்ரியின் ராக் பாட்டைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. வாய்கள் நான்கு விதமாகப் பேசின, கால்கள் ஒரே விதமாக ஆடின.

கடைசிக்கு முந்திய உருப்படி, பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற கண்ணிழந்த கறுப்பினப் பாடகர் 1927-இல் பதிந்தது. வார்த்தை கிடையாது, கித்தார் தந்தியின்மேல் எதையோ தேய்த்து இழுக்கும் ஒலியும், அதோடு சேர்ந்த முனகலுந்தான். சிரஸ்தார் ராகம் தேடினார். வித்வான் தாளம் தேடினார். அதுவரை அதிகம் பேசாதிருந்த கீரைக்காரக் கிழவி கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, "யாரு செத்துப்போனது?" என்று கேட்டாள். ஏசுநாதர் சிலுவைப்பாட்டுக்கு முந்திய இரவைக் குறித்த பழைய கீர்த்தனம் ஒன்றின் மெட்டிலிருந்து எழுந்த முனகல் அது என்பதை நான் அவளுக்குச் சொன்னேன். "ஒப்பாரிதானே, அதுக்கு எதுக்குச் சாமி இவ்வளவு விளக்கம்?" என்று கேட்டுவிட்டு, மழை விட்டதா என்று தெருவைப் பார்த்தாள். ஒன்பதாம் மெய்ப்பாட்டின் ஒரு ரேகைகூட அந்த முகத்தில் இல்லாதபடியால் அவளை இந்த ஆராய்ச்சிக்கு உகந்த பாத்திரமாகக் கொள்ள இயலவில்லை.

அறியாப் பாட்டுக்கு எதிர்வினை செய்தவர்களுள் தலைசிறந்தவர் யார் என்ற கேள்வியும் எழும். முத்துஸ்வாமி தீக்ஷிதர் என்பதே என் துணிபு. சென்னையை அடுத்த மணலியில் குடும்பத்தோடு வசித்த காலத்தில் கும்பினியாரின் பாண்டு வாத்தியக் கோஷ்டி வாசித்த மேனாட்டு மெட்டுகளைக் கேட்ட அவர், புருவத்தை உயர்த்தவுமில்லை, "ஹும்" என்று சொல்லவுமில்லை. அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் செய்துவிட்டார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகிறவை அவைதாம். ஆங்கில மன்னருக்கு வாழ்த்துப் பாடும் மெட்டு அவர் கையில் "ஸந்ததம் பாஹிமாம்" என்று அம்பாளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலும் சங்கராபரணம் என்ற உறவை அவர் கண்டுபிடித்தாரே என்று சிரஸ்தார் ஆட்சேபித்தார். ஆட்சேபம் ஏற்கப்படுகிறது, ஆனால் உறவு கொண்டாடியதோடு நில்லாமல் வந்தவருக்குச் சாப்பாடும் போட்டார் என்பது வித்தியாசம்.

இனி எஞ்சியிருப்பது வேற்றுலகவாசிகளின் அபிப்பிராயம். முதலாவது வாயேஜர், கிளீஸ 445 என்ற நக்ஷத்திரத்துக்கு ஒன்றரை ஒளியாண்டுக்குச் சற்று அதிகமான தூரத்தில் கடந்து போவதற்கே இன்னும் 40,000 வருஷம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து மறுப்பு ஏதும் வந்து சேரும்வரையில், ஜாவாவின் காந்தாரம் உட்பட, கும்பகோணத்துத் திண்ணையின் தீர்ப்புகளே அமலில் இருக்கும்.