வழக்கு தோற்றால் புகார் பொய்யா?

கேள்வி: குடும்ப வன்முறைப் புகார்களில் பாதிக்கு மேல் பொய்தானே? (வாசகர், ராஜபாளையம்)

பதில்: எண்ணிப் பார்த்தவர் யார்? 2012-இல், கணவனும் அவன் வீட்டாரும் மனைவியைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்கும் 498ஏ பிரிவு வழக்குகளில் தண்டனை சுமார் 15 சதவீதம்தான் என்று 2014-இல் அர்னேஷ் குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அதற்காக மீதி 85-உம் பொய்யாகிவிடாது. சமரசமாய்ப் போனது, சாட்சி பின்வாங்கியது, நாலு சுவருக்குள் விழுந்த அடிக்குச் சாட்சியே இல்லாதது எல்லாம் அதில் அடக்கம்.

ஆனால், வெளியூரில் குடித்தனம் நடத்தும் நாத்தனாரையும் வழக்கில் இழுப்பது அநியாயம். அது நிஜமாக அடிபட்டவளின் வழக்கையும் சேர்த்தே கெடுக்கும். குறிப்பான குற்றச்சாட்டு இல்லாமல் மாமியார் வீட்டையே சேர்த்த தெலங்கானா வழக்கொன்றை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி மனு போட்டதும் யாரையும் கைது செய்வதில்லை. பாதுகாப்பு, குடியிருக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை கேட்கும் மனு அது. பொய்யென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றம் வரை மேல்முறையீடு உண்டு. தீர்ப்பை நீதிபதி சொல்லட்டும். டீக்கடையில் நாம் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டில் அலறல் கேட்டால் 181-க்குப் போன் செய்யுங்கள்.