வலிக்கு ஊசி கேட்பது தப்பா?

எங்கள் பாட்டி ஒரு ஊசியும் இல்லாமல் எட்டுப் பிள்ளை பெற்றாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு மட்டும் எதற்கு எபிடியூரல்?
– ஒரு வாசகி, இளையரசனேந்தல்

பல் பிடுங்க ஊசி கேட்டால் யாராவது கோழை என்கிறார்களா? பிரசவ வலிக்கு மட்டும் ஏன் இந்தப் பொறுமைப் பரீட்சை? விக்டோரியா மகாராணி ஒன்பது பிள்ளை பெற்றவர். 1853-இல் எட்டாவது பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார், ஒன்பதாவதுக்கும் அதையே கேட்டார். முதுகில் எபிடியூரல் ஊசி போட்டால் பிரசவம் சிசேரியனில் முடியும், முதுகுவலி ஆயுசுக்கும் விடாது என்று பயப்படுகிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் அறிக்கையில் இரண்டுக்குமே ஆதாரம் இல்லை. பிரசவம் கொஞ்சம் நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பது நிஜம். அதனால்தான் ஊசியை எடுத்த பிறகு முதுகில் நிற்கும் மெல்லிய குழாய் வழியே மருந்து ஏறும்வரை மயக்க மருந்து டாக்டரின் கண்காணிப்பு வேண்டும்.

அத்தனை டாக்டருக்கு எங்கே போவது என்பீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அத்தனை ஆபரேஷனுக்கும் மயக்க மருந்து டாக்டர் வந்திருக்கிறாரே! சுகப்பிரசவத்துக்கும் அவர் வேண்டும் என்று சங்கரன்கோவிலிலும் கோவில்பட்டியிலும் அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.