குழாய்க்குக் குளிருது, மாமா!

சங்கரன்கோவிலில் வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்க் குழாயை ஒளித்து வைப்பதில்லை. தட்டட்டியில் கறுப்புத் தொட்டி. அங்கிருந்து வெளிச்சுவரை ஒட்டி, கிளாம்ப் அடித்து, தெருவுக்கே தெரிய இறங்கும் பிவிசி குழாய்கள். "உள்ள பதிச்சா, ஒழுகுத இடத்தைத் தேடிச் செவத்தை உடைக்கணும் அண்ணாச்சி. வெளிய கெடந்தா ரோட்டுல போறவனே சொல்லிருவான்" என்பார் எங்கள் பிளம்பர். மறுக்க முடியாத நியாயம். அதற்கான வட்டியைச் சித்திரை மாத மத்தியானம் கட்டுவோம். மேற்குச் சுவர்க் குழாயைத் திறந்து காலை நீட்டுகிறவர், ஆடித்தபசுக் கூட்டத்தில் மிதிபட்டவரைப் போல அலறுவார்.

இப்படிப்பட்ட ஞானம் நிறைந்த குடும்பத்துக்குத்தான், டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் அக்கா மகன் போன் போட்டான். ஜனவரி மாதம். அவனுக்கு விடிகாலை ஆறு, எங்களுக்குச் சாயங்காலம் நாலரை.

"மாமா, குழாயில தண்ணி வரல."

"மோட்டார் போட்டியாலே?" என்றாள் அக்கா, என் கையிலிருந்த போனைப் பிடுங்கி.

உறைந்துவிட்டதாம். வெளியே மைனஸ் இருபது. அந்தப் பக்கம் சுமார் 1.2 மீட்டர் ஆழம்வரை மண் உறையும் என்று கணக்கு வைத்து, கடைக்காலையும் தெருக் குழாயையும் அதற்குக் கீழேதான் போடுகிறார்கள். அவ்வளவு தூரம் மண்ணுக்குள் பத்திரமாக வந்த தண்ணீர், வீட்டுக்குள் நுழைந்தபிறகு விறைத்துவிட்டது! காரணம், பேஸ்மென்ட் சுவரின் மேல்பகுதி தரைக்கு மேலே துருத்திக்கொண்டு பனிக்காற்றை வாங்குகிறது. குழாய் அதன் உள்பக்கத்தை ஒட்டியே ஓடுகிறது.

"வெளிச்செவத்தை ஒட்டித்தானே போட்டிருக்கான்? சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார் பிளம்பர், தொழில் பாசத்தோடு. பழைய சேலையைச் சுற்றச் சொன்னார் அத்தான். விசைத்தறிக்காரர், வேறென்ன சொல்வார்?

சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுக்காரர் ஏற்கெனவே கண்ணாடிப் பஞ்சு அடைத்திருந்தார், அதுவும் உயர்ந்த ரகம். குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் நடுவே வைக்க வேண்டியதை, குழாய்க்கும் அறைக்கும் நடுவே வைத்திருந்தார் மனிதர். பஞ்சு தானாகச் சூடு தராது. சூடு கடந்து போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆகவே அறைச் சூடு குழாயை அண்டாதபடி அது விசுவாசமாகக் காவல் காத்தது. சுவர்க் குளிரைத் தடுக்க ஆளில்லை.

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும். பனிக்கட்டி நிற்கிற இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்பதில்லை. கட்டி வளர வளர, அதற்கும் மூடிக் கிடக்கும் திருகுக்கும் இடையே சிக்கிய தண்ணீர் போக்கிடம் இல்லாமல் நெருக்கும்; எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். அதனால் முதலில் திருகைத் திறந்து வைத்து, அந்த முனையிலிருந்து பின்னோக்கி மெள்ளச் சூடு காட்ட வேண்டும். நெருப்பு கூடாது, ஹேர் டிரையர் போதும். மேல்வீட்டு அம்மாவிடம் கேட்கப் போனவனின் வழுக்கைத் தலையை அவர் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தாராம்.

நல்லவேளை, குழாய் பிளக்கவில்லை. உள்சுவருக்கு அதை மாற்றும்வரை, கடுங்குளிர் இரவுகளில் குழாயைச் சொட்ட விட்டுவிட்டுத் தூங்கச் சொல்லியிருக்கிறார் அந்த ஊர்ப் பிளம்பர். தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தால் உறைவது தாமதப்படும்; உறைந்தாலும் அழுத்தம் வெளியேற வழி இருக்கும்.

பிளம்பரும் நானும் தலையாட்டினோம். அக்கா ஆட்டவில்லை. தாமிரபரணித் தண்ணீர் விடுகிற நாளில் அண்டா தொடங்கி டம்ளர்வரை நிரப்பி வைப்பவள் அவள்.

"குழாயை ஒழுக விட்டுட்டாலே தூங்குதே? காசு தங்குமா வீட்டுல?"

"சொட்டலேன்னா வெடிச்சிரும்மா."

"கீழ வாளியாவது வச்சியா?"

"வச்சேன். நெறைஞ்சிட்டு."

"அப்ப அடுத்த வாளி எங்கலே?"